சீனியரும் ஊரும்: கிளிஞ்சல்மேட்டிலிருந்து பார்க்கும்போது இரண்டு மருத்துவ மரபுகள்

காரைக்கால் கடற்கரையில் கிளிஞ்சல்மேடு, காரைக்கால்மேடு, காசாக்குடிமேடு, கோட்டுச்சேரிமேடு என்று மீனவ ஊர்கள் அடுத்தடுத்து இருக்கின்றன. மருத்துவக் கல்லூரி இந்த ஊர்களுக்கு எட்டாத தொலைவில் இல்லை. தனியார் கல்லூரி ஒன்று பல ஆண்டுகளாக இந்த மாவட்டத்தில் நடக்கிறது. 2016 முதல் ஜிப்மரின் காரைக்கால் கிளையும் இயங்குகிறது. நகரத்துக்குள்ளேயே அரசு பொது மருத்துவமனை இருக்கிறது. ஆனாலும் வெள்ளைக் கோட்டோடு ஊருக்குள் வருகிறவர்களில் ஃபைபர் படகுக்காரர் வீட்டுப் பிள்ளையைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

வாசல் இப்போது கொஞ்சம் திறந்திருக்கிறது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டைத் தமிழ்நாடு 2020இல் சட்டமாக்கியது. மூன்று ஆண்டு கழித்துப் புதுச்சேரி அரசு 10 விழுக்காடு ஒதுக்கியது. கல்விக் கட்டணம், விடுதி, மறுதேர்வு என்று பேச எவ்வளவோ இருந்தாலும் இந்த முடிவுகளை நான் மனமார வரவேற்கிறேன். எனக்குள்ள கேள்வி அதற்கு அடுத்தது. இடம் கிடைத்த பிள்ளையை முதலாண்டு அனாடமியிலிருந்து கரை ஏற்றுவது யார்? ஐந்தரை ஆண்டு கழித்து அந்தப் படிப்பை மறுபடி இந்தக் கரைக்குக் கொண்டுவருவது யார்?

இந்தக் கேள்விகளுக்கு ஏற்கெனவே விடை தேடிய இரண்டு மரபுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ஒன்று, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி. மற்றது, அமெரிக்காவின் கறுப்பின மருத்துவ மாணவர்கள் 1964இல் தொடங்கிய ஸ்டூடன்ட் நேஷனல் மெடிக்கல் அசோசியேஷன்.

இரண்டும் மூடிய கதவுகளின் முன்னால் பிறந்தவை. ராணிப்பேட்டையில் 1870இல் பிறந்த ஐடா ஸ்கடர், திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று பெண்கள் பிரசவத்தில் இறந்ததைக் கண்டவர். மூன்று வீட்டாரும் ஆண் மருத்துவரை உள்ளே விட மறுத்தார்கள். பெண் மருத்துவரோ எவரும் இல்லை. கார்னெல் பல்கலைக்கழகத்தில் 1899இல் பட்டம் பெற்றுத் திரும்பிய அவர், 1900இல் ஒற்றைப் படுக்கையோடு வேலூரில் மருத்துவம் தொடங்கினார். 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியைத் திறந்தார். அன்று மருத்துவத்தில் பெண்கள்தான் சிறுபான்மை. அந்தப் பள்ளி 1942இல் எம்.பி.பி.எஸ். கல்லூரியானது, 1947இல் ஆண்களையும் சேர்த்துக்கொண்டது. அரசியல் சட்டம் வந்தபின் அது மதச் சிறுபான்மையினர் நிறுவனமாகவும் நின்றது.

அமெரிக்காவில் கதவை மூடியது நிறம். வெள்ளை மருத்துவர் சங்கங்கள் சேர்க்க மறுத்ததால் கறுப்பின மருத்துவர்கள் 1895இல் தனிச் சங்கம் கண்டார்கள். மருத்துவக் கல்லூரிகளின் தரத்தை ஆராய்ந்த ஃபிளெக்ஸ்னர் அறிக்கை 1910இல் வெளிவந்தபோது அவர்களுக்கென ஏழு கல்லூரிகள் இருந்தன. அதன்பின் அவற்றில் ஐந்து மூடப்பட்டன. வாஷிங்டனின் ஹோவர்டும் நாஷ்வில்லின் மெஹாரியும் மட்டுமே மிஞ்சின. அந்த இரண்டு கல்லூரிகளின் மாணவர்கள் கூடித்தான் 1964இல் தங்கள் சங்கத்தை ஆரம்பித்தார்கள். குடிமை உரிமைகள் சட்டம் நிறைவேறியதும் அதே ஆண்டில்.

இதுவரை ஒற்றுமை. வேற்றுமை, கை எங்கிருந்து நீள்கிறது என்பதில் தொடங்குகிறது.

வேலூரில் மேலிருந்து நீள்கிறது. ஏதோ ஒரு திருச்சபை அல்லது மிஷன் மருத்துவமனை ஒரு மாணவரை முன்மொழிகிறது. படித்து முடித்ததும் அந்த மாணவர் அவர்கள் காட்டும் மருத்துவமனையில் இரண்டு ஆண்டு பணி செய்ய வேண்டும். பாண்ட் என்று சொல்கிறோமே, அதுதான். ஆனால் அரசு பாண்டில் எதிரே இருப்பது ஒரு கோப்பு. இங்கே எதிரே இருப்பவர்களுக்கு முகமும் பெயரும் உண்டு. லீவுக்குப் போனால் ‘எப்போ வர்றே?’ என்று கேட்பார்கள். கல்லூரிக்குள்ளும் ஒரு பேராசிரியர் குடும்பம் மாணவருக்குப் பொறுப்பேற்கிறது. வீட்டுச் சாப்பாடு, ஞாயிற்றுக்கிழமைப் பேச்சு, தேர்வில் தடுக்கினால் ஒரு தோள். முதலாண்டிலேயே மாணவர்களை ஒரு கிராமத்தில் தங்கவைத்து வீடு வீடாகக் கணக்கெடுக்கச் சொல்லும் வழக்கமும் அங்கே உண்டு. தெருவோர மருந்தகம் நடத்திய ஐடாவின் பழக்கம், 1977இல் கே.வி. குப்பத்தில் தொடங்கிய ரூசா ஊரக நல மையம் வரை தொடர்ந்து வந்திருக்கிறது.

அமெரிக்க மாணவர் சங்கத்தில் கை பக்கத்திலிருந்து நீள்கிறது. இரண்டாம் ஆண்டு மாணவர் முதலாண்டுக்கு, முதலாண்டு மாணவர் கல்லூரி வாசலில் நிற்பவருக்கு, அவர் பள்ளிப் பிள்ளைக்கு. மருத்துவம் படிக்க விரும்பும் இளநிலைப் பட்ட மாணவர்களுக்கென்றே சங்கத்துக்கு ஒரு கிளை உண்டு. மேல்நிலைப் பள்ளிப் பிள்ளைகளை மருத்துவக் கல்லூரிக்குள் அழைத்துவந்து காட்டும் திட்டமும் உண்டு. இரத்த அழுத்தம் பார்ப்பது, பள்ளிகளில் உடல்நலம் பேசுவது போன்ற ஊர்ப்பணிகளும் அதே மாணவர்கள் கையில்தான்.

வழிகாட்டும் வேலையை எந்தக் கை நன்றாகச் செய்யும் என்று கேட்டால், என் விடை பக்கத்துக் கை. கிளிஞ்சல்மேட்டிலிருந்து தமிழ்வழியில் படித்துப் போகும் ஒரு பெண்ணை எண்ணிப் பார்க்கிறேன். நீட் எழுதித் தேறியவளுக்கு அறிவுக்குக் குறையில்லை. அவளுக்குத் தெரியாதவையெல்லாம் சின்னச் சின்ன விஷயங்கள்: தடித்த அனாடமிப் புத்தகத்தில் எதை விடலாம், வைவாவில் பதில் தெரியாதபோது எப்படி நிற்பது, இன்டர்னலில் மதிப்பெண் போனால் அது உலக முடிவா இல்லையா, பழைய எலும்புகளும் நோட்டுகளும் யாரிடம் கிடைக்கும், விடுதி மேசையில் ஆங்கிலத்தில் நடக்கும் பேச்சில் எந்த இடத்தில் நுழைவது. பேராசிரியரிடம் இவற்றைக் கேட்க வாய் வராது. அம்மா ஏலத்தில் மீன் எடுத்துத் தெருத்தெருவாக விற்பவர் என்றால் அவரிடமும் கேட்க முடியாது; மகளுக்குக் கஷ்டம் என்று தெரிந்தால் அவர் தூங்கமாட்டார். போன வருடம் அதே வைவாவில் திணறிய ஒருத்தியிடம் மட்டும் கேட்கலாம். ‘எனக்கும் அப்படித்தான், வா’ என்று சொல்லக்கூடியவள் அவள் ஒருத்திதான்.

நம் ஊரில் சீனியர் என்ற சொல்லுக்கு ஒரு கறை இருப்பதை மறைக்க முடியாது. 1996இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் மருத்துவக் கல்லூரியில் முதலாண்டு மாணவர் நாவரசு கொல்லப்பட்டார். அடுத்த ஆண்டு தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம் கொண்டுவந்தது. அந்தச் சட்டம் காத்த உயிர்களும் மானமும் பல. ஆனால் சீனியர், ஜூனியரை ஒன்றும் செய்யக் கூடாது என்பதோடு சட்டத்தின் வேலை முடிகிறது. சீனியர் என்ன செய்ய வேண்டும் என்பதை எந்தச் சட்டமும் சொல்ல முடியாது. அமெரிக்க மாணவர்கள் அறுபது ஆண்டுகளாக அந்த இடத்தை நிரப்பி வருகிறார்கள். அரசுப் பள்ளி ஒதுக்கீட்டில் வந்த முதல் அணியினர் இப்போது நம்மிடமும் இருக்கிறார்கள். தமிழ்நாட்டில் 2020இல் சேர்ந்தவர்கள் படிப்பை முடிக்கும் கட்டத்துக்கு வந்துவிட்டார்கள். புதுச்சேரியில் 2023இல் சேர்ந்தவர்கள் இன்று சீனியர்கள். அவர்களை ஒரு வரிசையாகக் கோக்கும் நூல்தான் தேவை.

ஊர்ப்பணிக்கு வரும்போது தராசு மறுபக்கம் சாய்கிறது. அமெரிக்க மாணவர்களின் பணி தொண்டு. மனமும் நேரமும் இருப்பவர் செய்வது. தேர்வு நெருங்கினால் மெலியும். வேலூர் மாணவரின் இரண்டு ஆண்டு அப்படி மெலியாது. எங்கோ ஒரு சிறிய மருத்துவமனையில் இரவுப் பணிக்கு அவர் வந்தே ஆக வேண்டும்.

ஆனாலும் அமெரிக்காவிலிருந்து ஒரு சான்றை நாம் கண்டிப்பாக எடுத்துக்கொள்ள வேண்டும். ஓக்லண்ட் நகரில் சுமார் 1,300 கறுப்பின ஆண்களை வைத்து மார்செல்லா ஆல்சனும் அவருடன் ஆய்ந்தவர்களும் நடத்திய சோதனை 2019இல் வெளிவந்தது. மருத்துவரின் படத்தை மட்டும் பார்த்தபோது பரிசோதனைக்கு ஒப்புக்கொள்வதில் பெரிய வேறுபாடு இல்லை. நேரில் சந்தித்துப் பேசியபிறகு, கறுப்பின மருத்துவரைக் கண்டவர்கள் சர்க்கரை, கொழுப்புப் பரிசோதனைகளுக்குக் கூடுதலாக ஒப்புக்கொண்டார்கள். இரத்தம் எடுக்க வேண்டிய சோதனைகளில்தான் வேறுபாடு அதிகம் தெரிந்தது.

கடற்கரைக்கு இது நன்றாகவே பொருந்தும். தேசிய மருத்துவ ஆணையம் சில ஆண்டுகளாகக் குடும்பத் தத்தெடுப்புத் திட்டத்தை நடத்துகிறது. அதன்படி ஒவ்வொரு எம்.பி.பி.எஸ். மாணவரும் முதலாண்டு முதல் சில குடும்பங்களைப் பொறுப்பேற்று உடல்நலம் கவனிக்க வேண்டும். நல்ல திட்டம். ஆனால் நாடெங்கும் இருந்து நீட் வழியாக வரும் மாணவர் காலை பத்து மணிக்குக் குறிப்பேட்டோடு மீனவ ஊருக்கு வந்தால் வீட்டில் யார் இருப்பார்கள்? ஆண்கள் கடலில் இருப்பார்கள், இல்லையென்றால் விடிய விடியக் கடலில் கிடந்து வந்து தூங்கிக்கொண்டிருப்பார்கள். பெண்கள் கூடையோடு கிளம்பியிருப்பார்கள். படிவத்தில் ‘வீடு பூட்டியிருந்தது’ என்று எழுதிவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். அந்தக் கிளிஞ்சல்மேட்டுப் பெண்ணைப் போன்ற ஊர்ப் பிள்ளைக்கு எந்தப் படகு எப்போது கரைக்கு வரும், ஏலம் எப்போது முடியும் என்று தெரியும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகு ஆண்கள் கரையில் இருப்பார்கள். இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க ஆண்டில் அதைவிட நல்ல நேரம் இல்லை. மாத்திரை எழுதிக்கொடுத்தவரை ஒரு வாரம் கடலுக்கு அனுப்பினால் அவர் மாத்திரையை எங்கே வைப்பார், தண்ணீரை எப்படிச் சிக்கனம் செய்வார், கருவாட்டுக் குழம்பு இல்லாமல் எப்படிச் சாப்பிடுவார் என்பதெல்லாம் அவளுக்கு வீட்டுச் சங்கதி. குடியைப் பற்றிக் கேட்கும்போதும் எந்தச் சொல்லில் கேட்டால் பதில் வரும், எந்தச் சொல்லில் கேட்டால் கதவு சாத்தப்படும் என்று அவளுக்குத் தெரியும். அவளோடு கேரளத்து மாணவரும் ராஜஸ்தான் மாணவரும் வந்தால் அவர்களின் வேலையும் உருப்படும்.

இரண்டு மரபுகளின் உறுதியையும் நீதிமன்றங்கள் சோதித்திருக்கின்றன. நீட் வழக்கின் நெருக்கடியில் 2017இல் வேலூர்க் கல்லூரி 100 எம்.பி.பி.எஸ். இடங்களில் ஒரே ஒருவரைத்தான் சேர்த்தது. சிறுபான்மைக் கல்லூரிகளுக்கும் நீட் பொருந்தும் என்று 2020இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2023 ஜூனில் நிறத்தைக் கணக்கில் எடுக்கும் சேர்க்கையை நிறுத்தியது. அடுத்த ஆண்டு மருத்துவத்தில் புதிதாகச் சேர்ந்த கறுப்பின மாணவர் தொகை பத்து விழுக்காட்டுக்கும் மேல் குறைந்தது. இழப்பு இரு பக்கமும் பெரிது. ஆனால் வேலூரின் பிணைப்பு சேர்க்கையிலேயே முடிச்சிடப்படுவதால், சேர்க்கை நின்ற ஆண்டில் அந்த அணியே இல்லாமல் போனது. அமெரிக்க மாணவர்களின் பிணைப்புக்குச் சேர்க்கை விதி வேர் இல்லை. வாசல் குறுகிய பிறகும் பள்ளிப் பிள்ளையைத் தேடிப் போகும் வேலையை அவர்கள் விட வேண்டியதில்லை. சிறு பகுதியான காரைக்காலின் இடங்கள் புதுச்சேரியிலும் டெல்லியிலும் எடுக்கப்படும் முடிவுகளைப் பொறுத்தவை. ஆகவே இந்த வேறுபாட்டை நாம் கவனித்தாக வேண்டும்.

வேலூரில் திருச்சபை நிற்கும் இடத்தில் இங்கே யார் நிற்பது? மீனவ ஊர்ப் பஞ்சாயத்து என்பேன். சோழமண்டலக் கரையில் அது வெறும் சடங்கு அமைப்பாக இருந்ததில்லை. எந்த வலை போடலாம், எப்போது கடலுக்குப் போகக் கூடாது என்று முடிவு செய்கிறது. வரி வசூலித்துக் கோயில் திருவிழா நடத்துகிறது. 2004 சுனாமி இந்தக் கரையைச் சிதைத்தபோது நிவாரணத்தைப் பங்கிடுவதிலும் இக்கரை ஊர்ப் பஞ்சாயத்துகளே முன்னால் நின்றன. திருவிழா வரியில் ஒரு சிறு பங்கை மருத்துவம் படிக்கும் பிள்ளைக்கு ஒதுக்கி, ‘இவள் எங்கள் பிள்ளை’ என்று கல்லூரிக்குத் தெரியும்படி நின்றால், திருச்சபை செய்வதை ஊரும் செய்துவிடும். பஞ்சாயத்தில் பெண்களுக்கு இடமில்லாத பழைய வழக்கம் அப்போது குறுக்கே வரும். படிக்கப் போவது பெண்பிள்ளையாக இருக்கையில் அவள் பொருட்டுப் பேச மீன் விற்கும் பெண்களும் அந்தக் கூட்டத்தில் உட்கார வேண்டும்.

ஒரு விஷயத்தில் மட்டும் வேலூரைப் பின்பற்ற வேண்டாம் என்று நினைக்கிறேன். இரண்டு ஆண்டு ஊர்க்கடன் என்று எழுதி வாங்குவது இங்கே நியாயமாகாது. பணக்கார வீட்டுப் பிள்ளை படித்து முடித்ததும் நேராக மேற்படிப்புக்குப் போகிறான். அவனிடம் எந்த ஊரும் கடன் கேட்பதில்லை. படகுக் கடன் அடைக்காத வீட்டின் மகளிடம் மட்டும் கேட்பது அவளை இரண்டு முறை தண்டிப்பதாகும். படிக்கும் ஐந்தரை ஆண்டில் தடைக்காலம் தோறும் விடுமுறை கிடைக்கும் நாட்களில் வந்து ஊரைப் பார்க்கட்டும். அவளுக்கு அடுத்த பிள்ளையின் கையைப் பிடித்து முதலாண்டைக் கடத்திவிடட்டும். அதற்குமேல் எங்கே வேலை செய்வது என்பதை அவளே முடிவு செய்யட்டும். எம்.டி. படிக்க சென்னைக்குப் போனாலும் போகட்டும். கிளிஞ்சல்மேட்டிலிருந்து ஒரு நோயாளி அங்கே வந்து சேரும் நாளில், ஓ.பி. சீட்டு எங்கே வாங்குவது என்று கேட்க அந்த வீட்டாரிடம் அவளுடைய தொலைபேசி எண் இருக்கும்.