கன்னியா வெந்நீர்க் கிணறுகள் யாருக்கு?

மார்கழி பிறந்துவிட்டால் நம்ம கோயமுத்தூரில் பல வீடுகளில் காலையில் முதல் வேலை சுடுதண்ணி காய வைப்பதுதான். விறகடுப்பில் அண்டா, அப்புறம் பாய்லர், அப்புறம் ஹீட்டர் என்று சாமான் மாறியிருக்கிறதே தவிர வேலை மாறவில்லை. அடுப்பும் வேண்டாம், கரண்டும் வேண்டாம், தரைக்குள்ளிருந்து தானாகவே சுடுதண்ணி வரும் என்றால் எப்படி இருக்கும்?

இப்படிக் கேட்டால் எல்லோரும் ஜப்பானைத்தான் சொல்வார்கள். அங்கே எரிமலைகள் அதிகம், அதனால் வெந்நீர் ஊற்றுகளும் அதிகம். அவர்கள் அதை 'ஒன்சென்' என்கிறார்கள். கியூஷு தீவில் உள்ள பெப்பு என்ற ஒரே ஊரில் மட்டும் 2000க்கும் மேற்பட்ட ஊற்றுகள் இருக்கின்றன. ஆனால் தமிழர்களுக்கும் ஒரு வெந்நீர் ஊற்று உண்டு, அதுவும் ஒரு தீவில்தான் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. இலங்கையில் திருகோணமலைக்குப் பக்கத்தில் இருக்கும் கன்னியாதான் அது. இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான்.

ஏழு கிணறுகள்

திருகோணமலை நகரத்திலிருந்து அனுராதபுரம் போகும் சாலையில் சுமார் 8 கிலோமீட்டர் போனால் கன்னியா வரும். அங்கே சின்னச் சின்னதாக, சதுரமாகக் கட்டிய ஏழு கிணறுகள் ஒன்றுக்கொன்று கிட்டத்திலேயே இருக்கின்றன. கிணறு என்றதும் நம்ம தோட்டத்துக் கிணறு மாதிரி நினைத்துவிட வேண்டாம். நின்ற இடத்திலிருந்தே குனிந்து வாளியில் மொண்டு ஊற்றிக்கொள்ளும் அளவுக்குத்தான் ஆழம். பக்கத்துப் பக்கத்தில் இருந்தும் ஏழிலும் ஒரே சூடு கிடையாது என்பதுதான் வேடிக்கை. ஒன்று வெதுவெதுப்பாக இருக்கும், அடுத்தது கொஞ்சம் சுடும், இன்னொன்றை முதலில் தலையில் ஊற்றினால் ஆள் துள்ளிவிடுவார். ஒவ்வொரு கிணற்றிலும் சில வாளி என்று வரிசையாக ஏழையும் முடிப்பதுதான் அங்கே குளிப்பவர்களின் வழக்கம்.

ஜப்பானில் முறையே வேறு. முதலில் வெளியே உட்கார்ந்து சோப்புப் போட்டு உடம்பைச் சுத்தமாகக் கழுவிக்கொள்ள வேண்டும். அதற்குப் பிறகுதான் பொதுத் தொட்டிக்குள் இறங்கிக் கழுத்தளவு நீரில் சும்மா உட்காரலாம். உடுப்பு எதுவும் இருக்கக் கூடாது, துண்டைக்கூடத் தண்ணீரில் நனைக்கக் கூடாது. ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனித் தொட்டிகள். அங்கே தொட்டிக்குள் இறங்குவது அலுப்புத் தீர, களைப்பாற. கன்னியாவில் தண்ணீரை ஊற்றிக்கொள்வதற்கு ஒரு வேறு காரணமும் இருக்கிறது. அதற்கு இராவணன் கதைக்குப் போக வேண்டும்.

ஒரு மகனின் கடன்

திருக்கோணேச்சரம் திருஞானசம்பந்தர் பாடிய தலம். கடலைப் பார்த்து நிற்கும் அந்த மலையில் ஒரு பெரிய பிளவு இருக்கிறது. அதற்கு 'இராவணன் வெட்டு' என்று பெயர். இராவணனின் தாய் பெரிய சிவபக்தை. வயதான காலத்தில் அவள் வழிபடுவதற்காகக் கோணேச்சரத்தைப் பெயர்த்துக் கொண்டுபோக இராவணன் வாளால் வெட்டினான், அந்த வடுதான் இது என்பது கதை. அந்த நேரத்தில் தாய் இறந்துபோன செய்தி வருகிறது. அவளுக்கு இறுதிக் கடன் செய்யத் தண்ணீர் வேண்டும். திருமால் ஒரு முதியவர் வடிவத்தில் வந்து தடியால் ஏழு இடத்தில் குத்தினார், வெந்நீர் வந்தது என்று ஒரு வடிவம். இராவணனே வாளால் ஏழு இடத்தில் குத்தினான் என்று இன்னொரு வடிவம். எப்படிச் சொன்னாலும் அந்தத் தண்ணீரில்தான் அவன் தாய்க்குச் செய்ய வேண்டியதைச் செய்து முடித்தான்.

இராமாயணத்தில் நாம் பார்க்கும் இராவணன் வேறு. கன்னியாவில் இருப்பவன் அம்மாவைப் பறிகொடுத்த ஒரு மகன், அவ்வளவுதான்.

இந்தக் கதையால்தான் திருகோணமலைத் தமிழர்கள் இறந்தவர்களுக்கான 31ஆம் நாள் சடங்கைக் கன்னியாவில் செய்து வந்தார்கள். நாம் கருமாதி என்று சொல்வதற்குப் பக்கத்தில் வரும் அந்தச் சடங்கை அவர்கள் 'அந்தியேட்டி' என்கிறார்கள். ஆடி அமாவாசை அன்றும் அங்கே கூட்டம் வரும். நமக்குப் புரிகிற மாதிரி சொன்னால், பேரூரில் நொய்யல் படித்துறையும் பவானி கூடுதுறையும் நமக்கு என்னவோ அதுதான் திருகோணமலைக்காரர்களுக்குக் கன்னியா. கூடுதுறையில் முழுக்குப் போடுகிற யாரும் சுற்றுலாவுக்கு வந்தவர் என்று தன்னைச் சொல்லிக்கொள்ள மாட்டார் இல்லையா?

தெர்மாமீட்டருடன் வந்தவர்கள்

வெள்ளைக்காரர்கள் கன்னியாவுக்கு வந்தபோது அவர்கள் கண்ணில் பட்டது வேறு. 1827-28இல் 'செவ்ரெட்' என்ற பிரெஞ்சுக் கப்பலில் மருத்துவராக வந்த ரெய்னோ என்பவர் இந்த வெந்நீரில் மீன்கள் உயிரோடு நீந்துவதைப் பார்த்து அசந்துபோனார். அவர் பிடித்தபோது தண்ணீரின் சூடு 115 டிகிரி பாரன்ஹீட், அதாவது 46 டிகிரி செல்சியஸ் என்று குறித்திருக்கிறார். அந்த மீன்களைப் பாரிஸில் இருந்த புகழ்பெற்ற விலங்கியலாளர் குவியேவுக்கு அனுப்பினார். குவியே அவற்றுக்கு 'தெர்மாலிஸ்', அதாவது வெப்பத்துக்குரியது என்று பெயர் வைத்தார்.

1842இல் குவியேவின் மாணவர் வலென்சியென், கன்னியாவில் கிடைத்த இன்னொரு சிறு மீனுக்கு 'தெர்மோயிக்கோஸ்' என்று பெயரிட்டார். 'தெர்மோ' என்றால் வெப்பம், 'ஒய்க்கோஸ்' என்றால் வீடு. உண்மையில் அந்த மீன் இலங்கையின் சாதாரண ஓடை, குட்டைகளில் எல்லாம் இருப்பதுதான். ஆனாலும் அறிவியல் உலகம் முழுவதும் அதற்கு இன்றைக்கும் 'வெப்பத்தில் வீடுள்ளது' என்றுதான் பெயர்! கன்னியாவின் பெயர் தெரியாதவர்கள்கூட அதன் சூட்டை அந்த மீனின் பெயரில் உச்சரித்துக் கொண்டிருக்கிறார்கள்.

1845 முதல் 1850 வரை இலங்கையில் குடியேற்ற நாட்டுச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட் 1859இல் எழுதிய பெரிய நூலிலும் கன்னியா வருகிறது. பருவத்தைப் பொறுத்துச் சூடு 85 முதல் 115 டிகிரி பாரன்ஹீட் வரை மாறும் என்று அவர் எழுதியிருக்கிறார். தெர்மாமீட்டர் என்ன சொன்னது, வலையில் என்ன விழுந்தது என்பதுதான் அவர்களுக்குச் செய்தி. அதில் தவறில்லை, அவர்கள் வந்ததே அதற்குத்தான்.

எரிமலை இல்லாமல் எப்படிச் சூடு?

இலங்கையில் எரிமலை கிடையாது. நம்ம ஊரைப் போலவே மிகப் பழமையான, கெட்டியான பாறைதான். அப்புறம் எப்படி? பூமிக்குள் ஒரு கிலோமீட்டர் இறங்கினால் சுமார் 25 முதல் 30 டிகிரி செல்சியஸ் வரை சூடு கூடும். மழைத்தண்ணீர் பாறை வெடிப்புகள் வழியாக ஆழத்துக்கு இறங்கி, அங்கே சூடாகி, வேறொரு வெடிப்பு வழியாக வேகமாக மேலே வந்தால் அதுதான் வெந்நீர் ஊற்று. கன்னியாவில் இன்று 40 டிகிரிக்குக் கொஞ்சம் கூடக்குறைய இருக்கிறது. கணக்குப் போட்டால் அந்தத் தண்ணீர் குறைந்தது அரை கிலோமீட்டர் ஆழமாவது போய் வந்திருக்க வேண்டும். வரும் வழியில் ஆறிவிடும் என்பதால் நிஜத்தில் இன்னும் ஆழம் இருக்கும்.

இது கொங்கு நாட்டு விவசாயிகளுக்குப் புதுசு இல்லை. திருச்செங்கோட்டு ரிக் வண்டி வைத்து ஆயிரம் அடிக்குப் போர் போட்டவர்களைக் கேளுங்கள், அடியிலிருந்து வரும் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும் என்பார்கள். இன்னொரு வேடிக்கை, ஜப்பானின் 1948ஆம் வருட ஒன்சென் சட்டப்படி ஊற்று வாயில் 25 டிகிரி இருந்தாலே அது வெந்நீர் ஊற்றுதான். அந்தக் கணக்கில் நம்ம தோட்டத்துப் போர்வெல்லும் ஒன்சென்தான் போல :-)

2011, 2019

இனி கொஞ்சம் கசப்பான பகுதி. போர்க்காலத்தில் பல ஆண்டுகள் கன்னியாவுக்குச் சுலபமாகப் போய்வர முடியவில்லை. 2009இல் போர் முடிந்த பிறகு சுற்றுலாப் பயணிகள் வர ஆரம்பித்தார்கள். 2011இல் அரசிதழ் அறிவிப்பின் மூலம் அது தொல்பொருள் இடமாக அறிவிக்கப்பட்டது. அது வரைக்கும் உள்ளூர்ப் பிரதேச சபை பார்த்து வந்த இடம் தொல்பொருள் திணைக்களத்தின் கைக்குப் போனது. கன்னியா அனுராதபுரக் காலத்துப் பௌத்த மடாலயத்தின் பகுதி என்று அறிவிப்புப் பலகையும் வந்தது. இராவணன் கதைக்கு அந்தப் பலகையில் இடமில்லை.

2019இல் பிரச்சினை முற்றியது. அங்கிருந்த பிள்ளையார் கோயிலின் அடித்தளம் உடைக்கப்பட்டு அந்த இடத்தில் பௌத்தத் தூபி கட்டும் முயற்சி நடப்பதாகத் தமிழர்கள் எதிர்த்தார்கள். ஜூலை மாதம் பெரிய போராட்டம் நடந்தது. அதே மாதம் திருகோணமலை மேல் நீதிமன்றம் கட்டுமானத்துக்கும், பக்தர்களைத் தடுப்பதற்கும் இடைக்காலத் தடை விதித்தது.

இதைப் படித்ததும் "அப்படியானால் அங்கே பௌத்தம் இருந்ததே இல்லையா?" என்று கேட்கலாம். பௌத்தம் அந்தப் பக்கத்தில் இருந்தது, அதில் சந்தேகம் வேண்டாம். ஆனால் அது யாருடைய பௌத்தம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. திருகோணமலைக்குப் பக்கத்திலேயே வெல்கம் விகாரை என்ற பழைய பௌத்தப் பள்ளி இருக்கிறது. 11ஆம் நூற்றாண்டுச் சோழர் காலக் கல்வெட்டுகள் அதை 'இராசராசப் பெரும்பள்ளி' என்று சொல்கின்றன. அங்கே விளக்கெரிக்கக் கொடை கொடுத்தவர்களின் விவரங்கள் தமிழில் வெட்டப்பட்டிருக்கின்றன. அதாவது தமிழர்களும் பௌத்தர்களாக இருந்தார்கள், பௌத்தப் பள்ளியைப் பேணினார்கள். மணிமேகலை எழுதிய மொழிக்கு இது ஆச்சரியமும் இல்லை.

நம்ம பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. பெருந்துறைக்குப் பக்கத்தில் விசயமங்கலத்தில் பழைய சமணக் கோயில் நிற்கிறது. பெருங்கதை எழுதிய கொங்குவேளிர் அந்த ஊரோடு சேர்த்துப் பேசப்படும் சமணர். அதைக் காட்டி விசயமங்கலத்தில் இன்று வாழ்கிறவர்களிடம் "இது உங்கள் ஊர் இல்லை" என்று யாராவது சொன்னால் எப்படி இருக்கும்? ஒரு கல் எந்தக் காலத்தைச் சேர்ந்தது என்று சொல்லத் தொல்லியலுக்கு உரிமை உண்டு. அந்தக் கல்லின் பக்கத்தில் இன்று அழுதுகொண்டு நிற்பவரை வெளியே போ என்று சொல்ல அதற்கு உரிமை கிடையாது.

ஜப்பானிடமிருந்து ஒரு பாடம்

ஷிகோகு தீவில் மாட்சுயாமா நகரத்தில் டோகோ ஒன்சென் இருக்கிறது. ஜப்பானின் மிகப் பழைய ஒன்சென்களில் ஒன்று. அதன் பெரிய மரக் கட்டடம் 1894இல் கட்டியது. 1906இல் வெளிவந்த நாட்சுமே சோசெகியின் 'போட்சான்' நாவலில் வருவதால் அந்த நாட்டில் தெரியாதவர்கள் இல்லை. 1994இல் அந்தக் கட்டடத்தை நாட்டின் முக்கியப் பண்பாட்டுச் சொத்தாக அறிவித்தார்கள். அறிவித்துவிட்டுப் பூட்டுப் போடவில்லை. யாரும் டிக்கெட் வாங்கி உள்ளே போய்க் குளிக்கலாம்.

2019 ஜனவரியில், கன்னியாவில் பிரச்சினை முற்றிய அதே வருடம், டோகோவில் பெரிய பழுதுபார்ப்பு வேலை தொடங்கியது. கட்டடத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒரு பக்கம் வேலை நடக்க, இன்னொரு பக்கம் ஆட்கள் குளித்துக் கொண்டிருந்தார்கள். 2024 ஜூலையில் முழுவதும் மறுபடி திறந்தார்கள். வேலை முடியும் வரை மொத்தமாக மூடி வைத்திருந்தால் செலவும் நேரமும் மிச்சமாகியிருக்கும். ஆனால் அவர்களுக்கு ஒரு விஷயம் புரிந்திருந்தது. குளிக்கும் இடத்தின் வரலாறு என்பது சுவர் மட்டும் இல்லை, அங்கே குளிக்கும் வழக்கமும் சேர்ந்ததுதான். வழக்கம் நின்றுபோனால் மிஞ்சுவது வெறும் கட்டடம்.

கன்னியாவுக்கும் இதையே பொருத்திப் பார்க்கலாம். அங்கே தோண்டி எடுத்த கல்லையும் காப்பாற்றலாம், அதன் காலத்தைப் பலகையில் எழுதியும் வைக்கலாம். அதே பலகையில் இராவணனின் அம்மாவுக்கும் இரண்டு வரி ஒதுக்கினால் யாருக்கும் நஷ்டமில்லை. முக்கியமாக 31ஆம் நாள் ஈரத்துணியோடு நிற்கும் குடும்பம் யாரிடமும் அனுமதி கேட்காமல் ஏழு கிணற்றிலும் தண்ணீர் மொண்டு ஊற்றிக்கொள்ள முடிய வேண்டும்.

நண்பர்கள் யாராவது இலங்கைப் பயணம் போனால் கண்டிப்பாகக் கன்னியாவுக்குப் போய்க் குளித்துவிட்டு வாருங்கள். ஏழு கிணறும் ஏழு சூடு, தவற விடக் கூடாத அனுபவம். ஆனால் பக்கத்தில் யாராவது அமைதியாகத் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தால் கொஞ்சம் தள்ளி நின்று கேமராவைப் பைக்குள் வைத்துவிடுங்கள். பேரூரில் நமக்கு மற்றவர்கள் தரும் மரியாதை அதுதானே.