விளையாட்டுக் கருவியும் விலக்களிக்கப்பட்ட அலைகளும்

2024 நவம்பர் 7 அன்று சோனி நிறுவனத்தின் பிளேஸ்டேஷன் 5 புரோ உலகச் சந்தைக்கு வந்தது, இந்தியாவுக்கு வரவில்லை. விலையோ சுங்கவரியோ அதற்குக் காரணமாகக் கூறப்படவில்லை. அக்கருவியின் வைஃபை 7 தொழில்நுட்பம் பயன்படுத்தும் 6 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை இந்தியா உள்ளிட்ட சில நாடுகளில் இன்னும் அனுமதிக்கப்படவில்லை என்பதே நிறுவனம் தந்த விளக்கம். வீட்டுக் கூடத்தில் வைக்கும் விளையாட்டுக் கருவியின் இணைப்புச் சிக்கல் நாட்டின் அலைக்கற்றைக் கொள்கையோடு பிணைந்திருப்பதை இது உணர்த்தியது. இப்பிணைப்புக்கு நீண்ட வரலாறு உண்டு.

காலனிய அரசு 1933-இல் இயற்றிய இந்தியக் கம்பியில்லாத் தந்திச் சட்டம், உரிமம் இன்றிக் கம்பியில்லாக் கருவியை வைத்திருப்பதையே குற்றமாக்கியது. விடுதலைக்குப் பின்னும் அச்சட்டம் நீடித்தது. 1980-கள் வரை வானொலிப் பெட்டி வைத்திருந்தோர் அஞ்சலகத்தில் ஆண்டுதோறும் உரிமக் கட்டணம் செலுத்தியது இம்மரபின் அன்றாட வடிவம். விரும்பிய கருவிகளுக்கு விலக்களிக்கும் அதிகாரத்தையும் அதே சட்டம் அரசுக்குத் தந்திருந்தது.

வைஃபையின் தொடக்கம் வேறு வகையானது. 1947-இல் அட்லாண்டிக் சிட்டியில் கூடிய பன்னாட்டு மாநாடு, 2450 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய பகுதியைத் தொழில், அறிவியல், மருத்துவக் கருவிகளுக்கென ஒதுக்கியது. நுண்ணலை அடுப்பு இயங்குவதும் இங்கேதான். தகவல்தொடர்புக்கு உதவாதது எனக் கருதப்பட்ட இப்பகுதியை, 1985-இல் அமெரிக்கக் கூட்டாட்சித் தொடர்பு ஆணையம் உரிமம் தேவைப்படாத தொடர்புக் கருவிகளுக்குத் திறந்துவிட்டது. 802.11 தரநிலை 1997-இல் உருவானது. 2005-இல் வெளிவந்த எக்ஸ்பாக்ஸ் 360-க்குக் கம்பியில்லா இணைப்பியைத் தனியே வாங்க வேண்டியிருந்தது. 2006-இல் வந்த நிண்டெண்டோ வீயில் அது உள்ளேயே அமைந்திருந்தது.

இந்தியாவில் 2005 ஜனவரியில் வெளியான விதிகள் 2.4 முதல் 2.4835 கிகாஹெர்ட்ஸ் வரையிலான பகுதிக்கு உரிம விலக்கு அளித்தன. அகலம் 83.5 மெகாஹெர்ட்ஸ் மட்டுமே. ஒன்றோடொன்று மோதாத தடங்களாக நடைமுறையில் இதில் கிடைப்பவை 1, 6, 11 என மூன்று. அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒவ்வொரு வீட்டு ரவுட்டரும் புளூடூத் கருவிகளும் அடுப்பும் இம்மூன்றையே பங்கிட்டுக்கொள்கின்றன. திரைப்படம் பார்ப்பவருக்கு இந்நெரிசல் பெரும்பாலும் தெரிவதில்லை. காட்சிகள் முன்கூட்டியே சேமிக்கப்படுகின்றன. இணையவழி விளையாட்டில் முன்கூட்டிச் சேமிக்க எதுவுமில்லை. ஒவ்வோர் அசைவும் அக்கணமே சென்று திரும்ப வேண்டும். சிறு தாமதமும் ஆட்டத்தைக் குலைத்துவிடும்.

இதனால்தான் ரவுட்டரை அருகில் வைத்தல், தடத்தை மாற்றுதல், 5 கிகாஹெர்ட்ஸுக்குச் செல்லுதல், இயலுமெனில் ஈதர்நெட் கம்பியால் இணைத்தல் என்னும் தீர்வுகள் பரிந்துரைக்கப்படுகின்றன. இவை கருவியின் குறையைக் களைவதைவிட, நெரிசலிலிருந்து விலகும் வழிகளே. 5 கிகாஹெர்ட்ஸில் இடம் மிகுதி; ஆனால் சுவரைக் கடக்கும் ஆற்றல் குறைவு. அப்பகுதியில் இந்தியா 605 மெகாஹெர்ட்ஸை முழுமையாகத் திறந்தது 2018 அக்டோபரில்தான்.

அமெரிக்கா 2020-இல் 6 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் 1200 மெகாஹெர்ட்ஸை உரிமமின்றித் திறந்தது. இந்தியாவிலோ இப்பகுதியை வைஃபைக்கு விடுவதா, கைப்பேசிச் சேவைக்கு ஒதுக்குவதா என்னும் வழக்காடல் நீண்டது. கீழ்ப்பகுதியின் 500 மெகாஹெர்ட்ஸுக்கு மட்டும் விலக்களிக்கும் வரைவு விதிகள் 2025 மே மாதத்தில் வெளியாயின.

அலைக்கற்றை பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995-இல் தீர்ப்பளித்தது. பொதுச்சொத்தை ஏலத்தில் விட்டு வருவாய் ஈட்டுவதும், அனைவரின் பயன்பாட்டுக்கும் விட்டுவைப்பதும் அத்தீர்ப்போடு பொருந்தக்கூடியவையே. எதற்கு எவ்வளவு என்பது அரசியல் முடிவு. இந்திய வீடுகளில் வைஃபை இயங்குவது குடிமக்களின் உரிமையாக அன்று, 1933-இன் சட்டம் வகுத்த விலக்கு என்னும் வடிவில்தான். ஆட்டத்தின் நடுவே அறுந்துபோகும் இணைப்புக்குச் சுவரும் அடுப்பும் காரணமாகலாம்; அவற்றோடு அந்த விலக்கின் அளவும் ஒரு காரணம்.