கடவுச்சொல்லிலிருந்து சட்டம் வரை

தயாரிப்பின் பாதுகாப்புக்கு அதைத் தயாரிப்பவரே பொறுப்பு என்னும் நெறியை, ஐரோப்பா 1985-இல் வகுத்த ‘புதிய அணுகுமுறை’யின்வழி பொம்மை, இயந்திரம் முதலியவற்றுக்கு விதித்து, அதற்கு அடையாளமாக ‘சிஇ’ முத்திரையையும் கொண்டுவந்ததெனினும், கருவிக்குள் இயங்கும் மென்பொருளின் பாதுகாப்பு நெடுங்காலம் பெரும்பாலும் அவ்வரம்புக்கு வெளியிலேயே இருந்தது. அதன் விளைவு 2016-இல் வெளிப்பட்டது: ஆலையிலேயே பதிக்கப்பட்டு எவரும் மாற்றாத கடவுச்சொற்களைக் கொண்டு கண்காணிப்புக் கேமராக்களையும் ரவுட்டர்களையும் கைப்பற்றிய ‘மிராய்’ என்னும் தீநிரல், அவற்றைப் படையாகத் திரட்டி, இணையப் பெயர்களுக்குரிய முகவரிகளைக் காட்டித்தரும் டைன் நிறுவனத்தை அக்டோபர் 21 அன்று தாக்கியபோது, ட்விட்டர், நெட்ஃப்ளிக்ஸ் போன்ற தளங்கள் பலருக்கும் எட்டாமற்போயின. பொதுக் கடவுச்சொல்லோடு கருவிகளை விற்பதைக் கலிஃபோர்னியா 2020 முதலும் பிரிட்டன் 2024 முதலும் தடுத்தன. 2024 டிசம்பர் 10 அன்று நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் இணையத் தாங்குதிறன் சட்டமோ, கருவியில் எந்தெந்த நிரல்கள் சேர்ந்துள்ளன என்று காட்டும் உட்கூறுப் பட்டியலைக் கேட்பதோடு, தாக்குவோர் பயன்படுத்திவரும் குறைபாட்டை அறிந்த 24 மணி நேரத்துக்குள் எச்சரிக்கை தரும் கடமையையும் 2026 செப்டம்பர் 11 முதல் சுமத்துகிறது. நிறுவனங்கள் அஞ்சுவது அபராதத்துக்கே. ஆயினும் பிறர் எழுதிய நிரல்களைத் தேடித் தொகுக்கும் அப்பட்டியலே உண்மையில் பெரும் உழைப்பைக் கோருவது. சட்டம் முழுமையாகப் பொருந்தும் நாள் 2027 டிசம்பர் 11.