இரவுப் பிரயாணம்

சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டி வழியே கல்கத்தாவை நோக்கிச் செல்லும் ஜி.என்.டி. சாலையில், வெயிலின் உக்கிரத்துக்கு அஞ்சி இரவில் வண்டி பூட்டிய அந்நாளில், வண்டிக்காரன் கண்ணயர்ந்தாலும் வழியறிந்த மாடுகள் பெரும்பாலும் அவனை க்ஷேமமாகக் கொண்டு சேர்த்தன. 1971-இல் தோன்றிய தமிழக அரசின் சிப்காட் நிறுவனம் பின்னர் கும்மிடிப்பூண்டியில் தொழிற்பேட்டை அமைத்ததும் லாரிகளும் ஷிப்டு முடிந்து திரும்பும் தொழிலாளர் வாகனங்களும் பெருகின. இரவுப் பிரயாண வழக்கம் நிலைத்தது, வழியறிந்த துணை மறைந்தது.

நம் தேசத்தில் மாலை 6 முதல் 9 மணி வரையே விபத்துகள் அதிகம் என்பது மெய். ஆயினும் அது பெரிதும் நெரிசலின் விளைவு. சரீரம் நித்திரையை யாசிக்கும் பின்னிரவு 2 முதல் 5 மணி வரை, வெறிச்சோடிய சாலையில் ஓடும் ஒவ்வொரு வண்டிக்கும் அபாயம் பன்மடங்கு என்பதை அந்த எண்ணிக்கை மறைத்துவிடுவதே என் மனத்தை வருத்துகிறது. லாரி முதலாளிகளே, அந்த மூன்று மணி நேரமேனும் ஓட்டுநரை உறங்க விடுங்கள்.