வேடந்தாங்கற் புள்ளினமும் கவுல் உரிமையும்

செங்கற்பட்டு மாவட்டத்து வேடந்தாங்கல் ஏரியிற் குளிர்காலத்தே கூடும் புட்கள் யாவும் வேற்று நாட்டினின்று வந்தனவே என்பார் பலர். இக்கூற்று ஆராயத்தக்கது. மார்கழித் திங்களில் அவ்வேரிக்கரையில் நின்று நோக்குவார்க்கு இருவேறு வாழ்க்கை புலனாகும். நீரிடை நிற்கும் கடப்ப மரங்களிற் கூடு கட்டிக் குஞ்சு பொரிப்பன நத்தைகுத்தி நாரையும் நீர்க்காகமும் போல்வன; இவை இந்நாட்டுப் பறவைகளே. நீர்ப்பரப்பில் மிதக்கும் ஊசிவால் வாத்தும் நீலச்சிறகியும் வடபுலத்தினின்று வலசை வந்தவை. ஈண்டுக் கூடு கட்டாது, கோடை முதிருமுன் மீள்வன.

இவ்வேறுபாடு வரலாற்றிற்கு எதன்பொருட்டு எனின், கூறுதும். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலப் படைவீரர் இப்பறவைகளைச் சுட்டனர், ஊரார் முறையிட்டனர். 1798-இல் ஆட்சியர் லயனல் பிளேஸ் வேட்டையை விலக்கிக் கவுல் வழங்கினார். 1858-இல் அவ்வுரிமை மீண்டும் உறுதிபெற்றது. (வேடர் தங்கிய இடம் என்பர் ஊர்ப்பெயர்க்குப் பொருள், வேட்டையை விலக்கிய ஊர்க்கு இப்பெயர் வாய்த்தது வியப்பே.) ஊரார் பறவைகளைக் காத்தது அருளொன்றானே அன்று. கூடுகளினின்று வீழும் எச்சம் நீரிற் கரைந்து வயலுக்கு எருவாயிற்று. அவ்வளத்தைப் பெரிதும் தந்தவை மரத்தடைந்த பறவைகளே. சின்னாள் தங்கிப் போகும் வாத்துகள் அல்ல எனக் கருதுகின்றோம். ஆதலின் கவுலை வலசைப் பறவைகளின் பொருட்டு எழுந்த ஆவணமாகக் காட்டுதல் பொருந்தாது. நாரைக்கெனத் துப்பாக்கி விலக்கப்பட்ட நீரில் வாத்தும் அச்சமின்றித் தங்கிற்று.