பெயிண்ட்பாலுக்குக் காற்று வந்த கதை

பெயிண்ட்பால் ஆடுகிறவர்கள் கையிலிருக்கும் கருவியைத் துப்பாக்கி என்று சொல்வதில்லை, மார்க்கர் என்பார்கள். அந்தக் கருவி பிறந்ததே குறி போடத்தான். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், அயர்ன் மவுண்டன் என்ற ஊரில் இயங்கிய நெல்சன் பெயிண்ட் கம்பெனி, வெட்ட வேண்டிய மரங்களுக்கு அடையாளம் இடும் சாயத்தை வனத்துறையினருக்குத் தயாரித்துக் கொடுத்தது. ஓடைக்கு அக்கரையில் நிற்கும் மரத்துக்கும், புதர் மண்டிய சரிவில் நிற்கும் மரத்துக்கும் ஆள் போய்ச் சேருவதற்குள் பொழுது போய்விடும். நின்ற இடத்திலிருந்தே குறி போட முடியுமா என்று யோசித்தார்கள். மீன் எண்ணெய் மாத்திரையைப் போல ஜெலட்டின் உறைக்குள் சாயத்தை அடைத்தார்கள். அதை எறிய, டெய்சி என்ற காற்றுத் துப்பாக்கிக் கம்பெனி நெல்ஸ்பாட் 007 என்ற கைக்கருவியைச் செய்து கொடுத்தது. அதைத் தள்ளியது, விரல் நீளமுள்ள 12 கிராம் கார்பன் டை ஆக்சைடு குப்பி.

காற்று இருக்க, ஏன் கார்பன் டை ஆக்சைடு? காற்றை அடைத்துச் சுடும் வித்தை அதைவிடப் பழையது. 1780 வாக்கிலேயே ஆஸ்திரியப் படையிடம் ஜிராண்டோனியின் காற்றுத் துப்பாக்கி இருந்தது. ஆனால் அதன் கலத்தை நிரப்பக் கைப்பம்பை ஏறத்தாழ 1,500 முறை அடிக்க வேண்டும். காட்டில் வேலை பார்க்கிறவருக்கு அது கட்டுப்படியாகாது. கார்பன் டை ஆக்சைடோ அழுத்தினால் திரவமாகிவிடும். சட்டைப்பையில் அடங்கும் குப்பியில் அவ்வளவு வாயு சுருண்டு கிடக்கும்.

இன்னொரு குணமும் அதற்கு உண்டு. இதை நான் பெரிதாக மதிக்கிறேன். வெப்பநிலை மாறாவிட்டால், குப்பிக்குள் ஒரு சொட்டுத் திரவம் மிஞ்சியிருக்கும் வரை அழுத்தம் குறையாது. 20 டிகிரி செல்சியஸில் ஏறக்குறைய 830 பிஎஸ்ஐ. முக்கால் குப்பி இருந்தாலும் கால் குப்பி இருந்தாலும் அதேதான். ஆகவே ரெகுலேட்டர் வேண்டாம், திரவமே அந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும். எளிய வால்வு ஒன்று போதும்.

1981 ஜூன் 27 அன்று, நியூ ஹாம்ப்ஷயரின் ஹெனிகர் என்ற ஊர்க் காட்டில் 12 பேர் இந்த நெல்ஸ்பாட்டை ஏந்திக்கொண்டு கொடிகளைத் தேடி இறங்கினார்கள். பெயிண்ட்பால் விளையாட்டின் முதல் ஆட்டம் அதுதான். வென்றவர் ரிச்சி ஒயிட் என்ற வனத்துறைக்காரர். அவர் ஒரு குண்டுகூடச் சுடவில்லை.

மரம் ஓடாது. ஒரு மரத்துக்குக் குறி போட்டுவிட்டு நிதானமாக அடுத்த மரத்துக்குப் போகலாம். மனிதன் ஓடுவான், திருப்பிச் சுடுவான். ஆட்டக்காரர்கள் வேகம் கேட்டார்கள். சின்னக் குப்பி போய், திரும்ப நிரப்பிக்கொள்ளும் பெரிய குப்பி வந்தது. கார்பன் டை ஆக்சைடின் மறுபக்கம் அப்போதுதான் தெரிந்தது.

கல்யாண மண்டபத்துச் சமையல்கட்டில் பெரிய அடுப்பு விடாமல் எரியும்போது கேஸ் சிலிண்டரின் அடிப்பகுதியில் வெள்ளையாகப் பனி பூத்திருக்குமே, அதே சங்கதிதான். திரவம் வாயுவாக மாற வெப்பம் வேண்டும். அதைக் குப்பியிடமிருந்தே உறிஞ்சிக்கொள்கிறது. அடுத்தடுத்துச் சுடச்சுடக் குப்பி சில்லிட்டுப் போகும், அழுத்தம் இறங்கும். பூஜ்யம் டிகிரியில் அது 500 பிஎஸ்ஐ அளவுக்கு வந்துவிடுகிறது. முதல் குண்டு எதிராளியின் நெஞ்சில் பட்டிருக்கும், பத்தாவது அவன் காலடியில் விழும். அவசரமாகச் சுடும்போது ஆவியாகாத திரவமே மார்க்கருக்குள் புகுந்துவிடும். குழல் வாயில் வெண்புகை கிளம்பும். உள்ளேயிருக்கும் ரப்பர் ஓ-ரிங் விறைத்து வெடிக்கும், கசிவு தொடங்கும்.

1990களின் தொடக்கத்தில் சிலர் நைட்ரஜனுக்கு மாறினார்கள். பிறகு வெறும் காற்று. காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன்தான் என்பதால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. முக்குளிப்போர் சிலிண்டர் நிரப்பும் கடையிலேயே காற்றையும் நிரப்பிக்கொள்ளலாம். சாதாரண வெப்பநிலையில் எவ்வளவு அழுத்தினாலும் காற்று திரவமாகாது. அதனால் 3,000 பிஎஸ்ஐ, பிறகு 4,500 பிஎஸ்ஐ என்று திணிக்க வேண்டியிருந்தது. அதைத் தாங்க உலோகக் கலத்தின்மேல் கார்பன் இழை சுற்றிய சிலிண்டர், அதன் தலையில் ரெகுலேட்டர் என்று செலவு ஏறியது. குறித்த காலத்துக்கு ஒருமுறை, பெரும்பாலும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை, நீரழுத்தச் சோதனைக்கும் கொடுக்க வேண்டும்.

எனக்குத் தெரிந்து வழக்கைத் தீர்த்தது மின்சாரம். 1996 வாக்கில் ஏஞ்சல், ஷாக்கர் போன்ற மின்னணு மார்க்கர்கள் வந்தன. விநாடிக்குப் பத்து குண்டு என்ற வேகத்தில் திறந்து மூடும் அவற்றின் சோலனாய்டு வால்வு, உள்ளே புகும் உறைகுளிர்த் திரவத்தைத் தாங்காது. அவற்றை வாங்கியவர்களுக்குத் தேர்வு என்ற பேச்சே இல்லை, காற்றுதான்.

மற்றவர்களுக்குத் தேர்வு இன்னும் இருக்கிறது. பம்ப் இழுத்து ஒவ்வொன்றாகச் சுடுகிறவருக்கும், வெயில் நாளில் நிதானமாக ஆடுகிறவருக்கும், பக்கத்தில் காற்று நிரப்பும் இடம் இல்லாதவருக்கும் கார்பன் டை ஆக்சைடு இன்றும் நல்ல துணை. குளிர்காலத்தில் ஆடுபவரும் வேகமாகச் சுடுபவரும் காசைப் பார்க்காமல் காற்றுக்கு மாறலாம். மார்க்கரைக்கூட மாற்ற வேண்டியதில்லை. பெரும்பாலான காற்று சிலிண்டர்களின் ரெகுலேட்டர் 800 முதல் 850 பிஎஸ்ஐ வரைதான் வெளியே விடும். இதமான நாளில் கார்பன் டை ஆக்சைடு தானாகவே கொடுக்கும் அழுத்தமும் அதுதான். மரையும் ஒன்றே. பழைய குப்பியைக் கழற்றிய இடத்தில் புதியதை அப்படியே திருகிவிடலாம்.