மணமுறிவும் கரணமும்

மக்களிடையே பொய்யும் வழுவும் தோன்றிய பின்னரே மணத்திற்குக் கரணம் வகுக்கப்பட்டது என்பது தொல்காப்பியர் கருத்து. சொல் மாறும் மாந்தரிடையே சான்று வேண்டும் என்பதே இதன் உட்பொருள். மலேசியத் தோட்டத் தமிழரின் மணமுறிவு வரலாறும் இவ்வுண்மையையே உணர்த்துகின்றது.

ரெம்பாவ், தாய்வழி உரிமை பேணும் அடாட் பெர்பாத்தே வழக்கம் வேரூன்றிய நிலம். பார், மெக்ரே என்னும் இருவர் 1910இல் இவ்வூரின் வரலாற்றையும் வழக்கங்களையும் தொகுத்து எழுதினர். இவ்வழக்கின்படி, மணமுறிவின்போது மனைவியின் குலச் சொத்து அவளிடமே தங்கும். கணவன் கொணர்ந்தது அவன் குலத்திற்கே திரும்பும். இருவரும் சேர்ந்து தேடியது பங்கிடப்படும். அதே மண்ணில் பால்மரம் சீவிய தமிழ்ப் பெண்ணின் நிலை வேறு. அவள் குடியிருந்த லயம் தோட்டத்திற்குரியது. கோயிலில் தாலி கட்டி நடந்த மணம் கசந்தால் பஞ்சாயத்தே வழக்கைத் தீர்த்தது. செலவு குறைவு, ஆயினும் தீர்ப்புக்கு ஏடு இல்லை.

1950இல் எழுந்த சட்டம் மனைவி மக்களுக்குப் பராமரிப்புத் தொகை பெற வழிவகுத்தது. ஆனால் 1952ஆம் ஆண்டின் மணவிலக்குச் சட்டம் ஒருதார மணங்களுக்கே உரியதாகலின், வழக்கப்படி நடந்த இந்து மணங்கள் அதன் எல்லைக்குப் புறத்தே நின்றன. முஸ்லிம் அல்லாதார்க்கான 1976ஆம் ஆண்டின் திருமண, மணவிலக்குச் சட்டம் 1982 மார்ச் 1இல் நடைமுறைக்கு வந்தபின் இந்நிலை மாறிற்று. பதிவு கட்டாயமாயிற்று. அதற்கு முன் வழக்கப்படி முறையாக நடந்த மணங்களும் பதிவு பெற்றனவாகவே கருதப்பட்டன. சொத்தைப் பங்கிடுகையில் இல்லப் பணியும் குடும்பப் பராமரிப்பும் கருத்திற் கொள்ளப்படுகின்றன.

உரிமை வந்தது, உடன் செலவும் வந்தது. மணமுறிவு உயர் நீதிமன்றத்துக்குரியது. ரெம்பாவ் மக்கள் சிரம்பான் செல்லவேண்டும். இருவரும் உடன்பட்டுக் கூட்டு மனு அளித்தால் செலவும் காலமும் சுருங்கும். ஒருவர் மட்டும் மனுச் செய்வதாயின், பொதுவாக முதலில் சமரசக் குழுவை நாடவேண்டும். பிள்ளை, சொத்து, பராமரிப்பு ஆகியவற்றில் பிணக்கு நீள நீள வழக்கறிஞர் கட்டணமும் வளரும்.

ஆதலின் வழக்கறிஞரை அமர்த்துமுன், கட்டணத்தில் எவையெவை அடங்கும், நீதிமன்றச் செலவு தனியா என்பவற்றை எழுத்தில் பெறுதல் நன்று. கொடுக்கும் பணம் ஒவ்வொன்றிற்கும் பற்றுச்சீட்டு வேண்டும். வென்றால் பங்கு என்னும் ஒப்பந்தத்தை 1976ஆம் ஆண்டின் வழக்கறிஞர் தொழிற்சட்டம் ஏற்பதில்லை. வருமானம் குறைந்தோர்க்கு, 1970இல் தோன்றிய அரசின் சட்ட உதவிப் பிரிவு, இன்று சட்ட உதவித் துறையாக இயங்கி வருகின்றது. வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையங்களையும் நாடலாம்.

அறியாத உரிமை இல்லாத உரிமையே. கற்பியலைக் கற்பிக்கும் ஆசிரியர், இற்றைநாட் கரணம் பதிவுச் சான்றிதழே என்பதையும் மாணவர்க்கு எடுத்துரைத்தல் வேண்டும். அச்சான்று இருப்பின், பிரிவு நேரினும் பெண் வெறுங்கையுடன் வெளியேற வேண்டியதில்லை.